நிற்கும் தூண், தாங்கும் தூண்

அவன் மூன்று தடவைதான் தட்டினான். நான்கு தடவை கேட்டது.

சுத்தியலின் பிடியால் இடது தூணில் கீழே ஒன்று, இடுப்பளவில் ஒன்று, எக்கி நின்று தலைக்கு மேலே ஒன்று. எங்கே பூச்சு வேலைக்குப் போனாலும் அவனுக்கு முதல் காரியம் அதுதான். பழைய பூச்சு உள்ளே ஒட்டியிருக்கிறதா, விட்டுப்போய்ச் சும்மா நிற்கிறதா என்பதைச் சத்தமே சொல்லிவிடும். இருபது வருஷப் பழக்கம். மாமியார் வீட்டுக்குப் போனால்கூடக் கை சும்மா இராமல் சுவரைத் தட்டிப் பார்த்து, திரும்பி வரும் வழியெல்லாம் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வான். அந்தக் கை தட்டியது மூன்று. மூன்றும் வெற்றுச் சத்தம். அவன் சுத்தியலை இறக்கிய பிறகு, கனத்த போர்வைக்குள்ளிருந்து யாரோ விரலை மடக்கித் தட்டியது மாதிரி இன்னும் ஒன்று.

எதிரொலி என்று நினைத்துக்கொண்டான். ஜன்னலே இல்லாத கூடம் அது. மத்தியானம் ஒன்றரை மணி வெயில் வெளியே கண்ணைப் பறித்துக்கொண்டிருக்க, உள்ளே நான்கு மஞ்சள் விளக்குகளின் தயவில்தான் கை தெரிந்தது. தரையில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட கற்கள், மூன்று பக்கச் சுவர்களை ஒட்டி உயரமான முதுகு வைத்த நாற்காலிகள், மர மெருகும் பழைய திரைச்சீலையும் சேர்ந்த மக்கல் வாசனை. கதவைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் இரண்டு தூண்கள். ஆள் உயரத்துக்கு இரண்டடி கூட. உச்சியில் ஆளுக்கொரு கல் உருண்டை. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கூரை இன்னும் ஆறடி தள்ளி, தன் பாட்டுக்கு, சுவர்களின் மேல் உட்கார்ந்திருந்தது.

எதையும் தாங்காத தூண்களை அவன் முதல் தடவையாகப் பார்க்கிறான். இடது தூணின் அடியில் 'தாங்கு' என்று செதுக்கியிருந்தது. வலது தூணின் அடியில் 'நில்'. இடது தூணில்தான் வேலை. மார்பளவு உயரத்தில் ஒரு பெரிய பள்ளம் விழுந்து, அதிலிருந்து நாலா பக்கமும் விரிசல் ஓடியிருந்தது. சாயங்காலம் ஆறு மணிக்குச் சபை கூடுவதற்குள் உடைத்துப் பூசித் தர வேண்டும் என்று அண்ணன் சொல்லியிருந்தான்.

அண்ணன் சொன்னதால்தான் வந்தான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் இந்தச் சபையில் சேர்ந்த நாளிலிருந்து அண்ணன் வீட்டுப் பக்கம் வருவதைக் குறைத்து, பிறகு நிறுத்தி, வழியில் பார்த்தால் காருக்குள்ளிருந்து கையை ஆட்டுகிற ஆளாகிவிட்டான். நேற்று அவனே போன் செய்தான். "ஒரு சின்ன வேலை இருக்குடா. வேற யாரு கையும் எனக்குத் திருப்தியா இருக்காது."

"உங்க அண்ணன் கூப்பிட்டா ஏதோ காரணம் இருக்கும்" என்றாள் மனைவி. அவளுக்குத் தெரியாது. சின்ன வயதில் அப்பா தோல் வாரை எடுக்கும்போதெல்லாம் அண்ணன் அவனைச் சுவர் மூலையில் தள்ளி, மேலே குடை மாதிரிக் கவிந்து நின்றுகொள்வான். "அசையாம நில்லு" என்று காதில் சொல்வான். ஒவ்வொரு அடிக்கும் அண்ணனின் நெஞ்சு அதிர்வது அவன் நெற்றியில் தெரியும். தம்பி வாங்க வேண்டிய அடியெல்லாம் அந்த முதுகில்தான் விழுந்தது. அப்படிப்பட்ட அண்ணனை இழந்துவிட்டோமே என்ற ஏக்கம் அவனுக்குள் ஆறாமல் இருந்தது. இன்று சாயங்காலம் வேலை முடிந்ததும் அவனை உட்காரவைத்துப் பேசிவிட வேண்டும், எப்படியாவது அண்ணனைத் திரும்ப மீட்டுவிட வேண்டும் என்றுதான் காலையிலிருந்து மனசுக்குள் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

உளியை எடுத்தபோது இடது கை ஆட்காட்டி விரலில் சுரீரென்றது. நுனியிலிருந்து முதல் கணு வரை நேராக ஒரு வெட்டு. இடது கையில் அவன் எதையும் பிடித்திருக்கவில்லை. கல்லில் கீறியிருக்கும் என்று விரலை வாயில் வைத்துச் சப்பினான்.

கூடத்தைப் பெருக்கும் அக்கா துடைப்பத்தோடு வந்து எட்டிப் பார்த்தாள். ஐம்பது வயது இருக்கும். வாய் ஓயாத பெண்.

"மேஸ்திரி, தூசி கிளப்பிட்டு அப்படியே போயிடாதீங்க. எனக்கு ரெண்டு கைதான் இருக்கு."

"சாக்கு விரிச்சிருக்கேன்க்கா. ஒரு துளி கீழ விழாது." அவன் தூணின் உச்சியைக் காட்டினான். "கூரையத் தொடாத தூண எதுக்குக்கா கட்டி வெச்சிருக்காங்க?"

"அழகுக்குன்னு நான் நினைச்சேன். அப்புறம் ஒருத்தர் சொன்னாரு. சபையில சேர்ற ஆளு இது ரெண்டுக்கும் நடுவுல நடந்து வரணுமாம். அந்தப் பக்கம் வெறும் ஆளா இருந்தவன் இந்தப் பக்கம் வந்தா சகோதரனாம். ஒருத்தன் கஷ்டத்த இன்னொருத்தன் தாங்கணும், விட்டுட்டு ஓடாம கூடவே நிக்கணும். ரெண்டு தூணுக்கும் அதான் அர்த்தமாம்."

"நல்ல அர்த்தம்தான்."

"அர்த்தமெல்லாம் நல்லாத்தான் சொல்வாங்க. குடிச்ச டம்ளர எடுத்து வைக்க ஒரு சகோதரனுக்கும் கை வராது."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன வாரம் செயலாளரோட காரு லாரிக்கு அடியில போயிடுச்சு. காரு அப்பளமா நொறுங்கிப்போச்சு. மனுஷன் சட்டையில தூசியத் தட்டிட்டு எழுந்து வந்தாரு. ஒரு கீறல் இல்ல. மறுநாள் காலையில நான் கதவத் திறக்கிறேன், தூண்ல இது கிடக்குது." குரலைத் தணித்துக்கொண்டாள். "ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் மேஸ்திரி. யாரோ மாடியிலருந்து விழுந்தாங்கன்னு கேள்விப்படுவேன். ஆளு நல்லா இருப்பாரு. தூண் விரிஞ்சிருக்கும்."

அண்ணன்கூட அப்படி விழுந்திருக்கிறான். சபையில் சேர்ந்த மறு வருஷம், கட்டிக்கொண்டிருந்த கட்டடத்தின் மூன்றாவது மாடியிலிருந்து. தம்பி அலறிக்கொண்டு ஓடிப் போய்ப் பார்த்தபோது, அண்ணன் மணல் குவியலுக்கு அந்தப் பக்கம் வெறும் தரையில் உட்கார்ந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். எல்லோரும் சிரித்தார்கள்.

"அந்தத் தூண் நல்லாத்தானே இருக்கு" என்று வலது தூணைக் காட்டிக் கேட்டான்.

"அதுக்கு முதுகக் காட்டிட்டு நான் பெருக்கவே மாட்டேன்" என்றாள். "மூணு மணிக்குப் பூட்டிட்டுக் கிளம்பிடுவேன். வேலை நடக்கும்போது கதவு பூட்டியிருக்கணும்னு உத்தரவு. அஞ்சரைக்கு உங்க அண்ணன் வந்து திறப்பாரு."

அவள் போன பிறகு வலது தூணை நெருங்கிப் பார்த்தான். வழவழவென்று, ஓர் ஒட்டுகூடத் தெரியாத பூச்சு. யார் செய்திருந்தாலும் கையெடுத்துக் கும்பிடலாம். அவன் கண் உயரத்தில் மட்டும் இரண்டு சின்னத் துளைகள், ஒன்றுக்கொன்று மூன்று விரல் தள்ளி. துளைகளுக்குக் கீழே இரண்டு கோடாக உப்பு பூத்திருந்தது. உள்ளிருந்து ஈரம் கசிந்து கசிந்து காய்ந்தால்தான் பூச்சில் அப்படி வெள்ளையாக உப்பு பூக்கும். அண்ணாந்து பார்த்தான். கூரை காய்ந்து கிடந்தது. குழாய் எதுவும் இல்லை. இந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

மூன்று மணிக்கு வெளியே பூட்டு விழும் சத்தம் கேட்டது.

இடது மணிக்கட்டில் சூடாக ஏதோ கொட்டியது. உதறினான். ஒன்றும் இல்லை. ஆனால் தோல் சிவந்து, அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொப்புளம் எழும்பியது. கொதிக்கிற காப்பியைக் கவிழ்த்துக்கொண்டால் வருகிற கொப்புளம். சிமென்டில் ஏதாவது கலப்படமா என்று பையை மோந்து பார்த்தான். கையைக் கழுவிக்கொண்டு, மணலைச் சலித்துக் கலவையைக் கலந்து வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தான். பயம் என்று அப்போது அதற்குப் பெயர் வைக்க அவனுக்கு மனம் வரவில்லை.

பள்ளத்தைச் சுற்றி உளி வைத்துத் தட்டத் தட்ட, பூச்சு ஓடு ஓடாகப் பெயர்ந்தது. பெயர்ந்த துண்டு ஒன்றை விளக்கருகே கொண்டுபோய் அதன் ஓரத்தைப் பார்த்தான். ஒரு பூச்சின் மேல் இன்னொரு பூச்சு, அதன் மேல் இன்னொன்று. சாம்பல், மஞ்சள், சுண்ணாம்பு வெள்ளை, மறுபடி சாம்பல். எண்ணினான். பத்தொன்பது. பத்தொன்பது கொத்தனார்கள் இதே தூணில் விரிசலை மூடி மேலே மேலே பூசியிருக்கிறார்கள். ஒருத்தராவது இவனை மாதிரி முதலில் தட்டிப் பார்த்திருப்பாரா என்று ஒரு யோசனை ஓடியது. எல்லாவற்றுக்கும் உள்ளே இருந்த அடுக்கின் உட்பக்கம் மட்டும் வழவழப்பாக, லேசான குழியோடு இருந்தது. அச்சில் வார்த்தது மாதிரி. எதன் அச்சு என்று யோசிக்காமல் துண்டைச் சாக்கில் போட்டான்.

அப்போது மறுபடி அந்தத் தட்டல்.

இந்தத் தடவை ஒன்றோடு நிற்கவில்லை. வேகமாக, ஒழுங்கில்லாமல், கதவைத் தட்டித் தட்டி ஓய்ந்துபோன ஆள் மாதிரி. இடது தூணில் காதை வைத்தான். அங்கே நிசப்தம். சத்தம் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. வலது தூணிலிருந்து. அவன் திரும்பியதும் நின்றது.

எலி. பெரிய எலியாக இருக்கும். அப்படிச் சொல்லிக்கொண்டு உளியைப் பள்ளத்தின் நடுவில் வைத்து ஓங்கி ஓர் அடி போட்டான். ஓடு உள்ளே விழுந்தது. ஊறிய சுண்ணாம்பின் குளிர்ந்த வாசனை முகத்தில் அடித்தது. அந்த ஓட்டைக்குள் ஒரு கை தொங்கியது.

பொம்மை என்றுதான் முதலில் நினைத்தான். செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தான். அழுகவில்லை. சுண்ணாம்பில் ஊறி இறுகி, மெழுகு மாதிரி மங்கிய தோல். அந்தக் கை நேராக இல்லை. எலும்பு முறிந்து, கூடி, கூடிய இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி முறிந்து, மறுபடி கூடி, முருங்கைக்காய் மாதிரி கணுக் கணுவாக வீங்கியிருந்தது. தோள். கழுத்து. தாடை மூன்று இடத்தில் விலகியிருந்தது. முகத்தில் ஒரு பக்கம் உள்ளே போயிருந்தது. நெஞ்சு மட்டும் புதிதாக, ஒரே அடியில், சக்கரம் ஏறியது மாதிரிச் சப்பையாகிக் கிடந்தது.

ஒரு மனிதனுக்கு இத்தனை தடவை அடி விழுந்தால் செத்திருக்க வேண்டும். அப்போதெல்லாம் இவன் சாகவில்லை. ஒவ்வொன்றும் ஆறியிருந்தது. கடைசி அடியைத் தவிர.

கதவுக்கு ஓடினான். இழுத்தான். உதைத்தான். தேக்குக் கதவு அசையவில்லை. கத்தினான். ஜன்னல் இல்லாத கூடம் சத்தத்தை விழுங்கிக்கொண்டது. கடைவாய்ப் பல் ஒன்று ஆடியது. நாக்கால் தொட்டான். யாரோ இடுக்கியால் பிடித்துத் திருகுகிற மாதிரி அது சுழன்றது, வேரோடு பிடுங்கிக்கொண்டு நாக்கின் மேல் விழுந்தது. வலியில் மண்டியிட்டான். ரத்தத்தோடு உள்ளங்கையில் துப்பினான். சொத்தை இல்லாத, முழு ஆரோக்கியமான பல்.

அண்ணனுக்குப் போன் போட்டான். அவனுக்கு வேறு யாரைக் கூப்பிடத் தோன்றும்?

"அண்ணே. தூணுக்குள்ள ஆளு இருக்கான். செத்துக் கிடக்கான். எனக்கு என்னவோ ஆகுதுண்ணே. சீக்கிரம் வா."

 அண்ணன் மெதுவாகக் கேட்டான். "தட்டினியா?"

"என்ன?"

"வேலைய ஆரம்பிக்கும்போது. எப்பவும் தட்டிப் பார்ப்பியே. தட்டினியா?"

"தட்டினேன். அதுக்கென்ன இப்ப?"

"எத்தனை தடவை?"

"மூணு. அண்ணே, இங்க நான்..."

"சரி" என்றான் அண்ணன். பெரிய பாரத்தை இறக்கி வைத்தவன் மாதிரி ஒரு பெருமூச்சு. "வந்துட்டே இருக்கேன். பயப்படாத."

ஐந்தரைக்குப் பூட்டு திறந்தது. அதற்குள் தம்பியின் ஒரு கண் வீங்கி மூடியிருந்தது, இடது காலில் இரண்டு விரல்கள் நசுங்கியிருந்தன. நாற்காலிகளுக்கு நடுவே தரையில் கிடந்தான். அண்ணன் கறுப்புக் கோட்டும் புது வெள்ளைக் கையுறையுமாக உள்ளே வந்து, கதவைப் பின்னால் சாத்தி, அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். கைக்குட்டையால் அவன் வாயைத் துடைத்தான். 

"உன் கைப் பழக்கம் எனக்குத் தெரியும்டா" என்றான். "யாரையும் கட்டாயப்படுத்தி நிறுத்த முடியாது. கூடப் பிறந்தவனா இருக்கணும். தாங்குற தூண அவனே மூணு தடவை தட்டணும். நான் தாங்குறேன்னு அர்த்தம் அதுக்கு. அன்னையிலருந்து சபையில யாருக்கு என்ன அடி விழுந்தாலும் அவங்க மேல விழாது."

தம்பிக்கு உடனே புரிந்தது. புரிந்ததை உள்ளே வாங்கத்தான் நேரம் பிடித்தது. "என் மேல விழுது" என்றான்.

"உள்ள இருந்தவரு போன வாரம் போயிட்டாரு. அந்த லாரிய அவரால தாங்க முடியல. ஒரு வாரமா எங்க எல்லாருக்கும் வலிக்குதுடா." அண்ணனின் கண்ணில் நீர் தளும்பியது. "பன்னெண்டு வருஷமா வலின்னா என்னன்னே மறந்துபோச்சு. இப்ப சவரம் பண்றப்ப ஒரு கீறல் விழுந்தா உசிரே போகுது. ராத்திரியெல்லாம் பயமா இருக்கு. என்னால முடியல."

"என்னைக் கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ சரின்னு சொல்லியிருப்பே. அதான் கேட்கல." கையுறையோடு தம்பியின் தலையைத் தடவினான். "பதினஞ்சு வயசு வரைக்கும் உன் அடியெல்லாம் நான் வாங்கினேன். ஒரு நாள் சொல்லிக் காட்டியிருப்பேனா? உள்ள நின்னுட்டா பாதி அடி பூச்சு வாங்கிக்கும். வெளிய கிடந்தா முழுசும் உனக்குத்தான். வா, எழுந்திரு."

தம்பி எழுந்தான். கையில் சுத்தியல் இருந்தது. அது எப்போது கைக்கு வந்தது என்று அவனுக்கே தெரியாது. காலையிலிருந்து அடுக்கி வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட இப்போது உதவவில்லை. இருபது வருஷம் சுத்தியல் பிடித்த தோளின் முழு பலத்தோடு அண்ணனின் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் அடித்தான்.

கோட்டில் ஒரு சுருக்கம் விழுந்தது. அவ்வளவுதான். தம்பியின் காறை எலும்பு சுள்ளி ஒடிவது மாதிரி ஒடிந்தது. அவனே அந்தச் சத்தத்தைக் கேட்டான். சுத்தியல் தரையில் விழுந்தது. கை தொங்கியது.

"வேண்டாம்டா" என்றான் அண்ணன், அழுதுகொண்டே. "என்னை அடிக்காத. உனக்குத்தான் வலிக்கும்."

பிறகு அவனைத் தூக்கிக்கொண்டான். சின்ன வயதில் தூங்கிப்போன தம்பியை மாடிக்குத் தூக்கிப்போவது மாதிரி, தலை இடிக்காமல், பக்குவமாக. அதற்குள் கதவு மறுபடி திறந்து, கறுப்புக் கோட்டுகள் இரண்டிரண்டு பேராக உள்ளே வரத் தொடங்கியிருந்தன. இருபது பேர் இருக்கும். வங்கியில், ஜவுளிக்கடையில், பள்ளிக்கூட வாசலில் பார்க்கிற மாதிரியான ஆட்கள். ஒருவர் கன்னத்தைத் தடவிக்கொண்டு பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "பல்லு புடுங்கினது தெரியவே இல்ல. ஊசிகூடப் போடல." இரண்டு பேர் பூச்சை முழங்கால் வரை அகலமாக உடைத்தார்கள். இரண்டு பேர் பூச்சை முழங்கால் வரை அகலமாக உடைத்தார்கள். அண்ணன் தம்பியை உள்ளே நிற்கவைத்தான். உள்ளே ஆள் நிற்க அளவாக இடம் இருந்தது. உட்கார முடியாத அளவு.

"ஆச்சு" என்று அண்ணன் திரும்பினான். கையுறையைச் சரிசெய்துகொண்டான். வலது தூணுக்குப் போய், அதற்கு முதுகைக் கொடுத்து விறைப்பாக நின்றான். அந்த இடத்துக்கு அவன் ஆசைப்பட்டிருந்தான் என்பது முகத்திலேயே தெரிந்தது.

தலைவர் வயதானவர். மென்மையாகப் பேசினார். "அங்க இல்ல சகோதரரே. உள்ள."

"உள்ளன்னா?"

நான்கு பேர் வலது தூணின் பின்பக்கத்தில் கடப்பாரையை வைத்து நெம்பினார்கள். கனத்த ஒரு பலகை திறந்தது. அதற்குள்ளிருந்து ஒரு கிழவன் வெளியே விழுந்தான். இடுப்பு வரை வெள்ளை முடி. தாள் மாதிரி வெளுத்த தோல். ஒரு வாரப் பட்டினியில் ஒட்டிய வயிறு. ஆனால் உடம்பில் ஒரு கீறல் இல்லை, ஒரு தழும்பு இல்லை. விரல் கணுக்கள் மட்டும் தட்டித் தட்டிப் புதிதாகத் தோல் உரிந்திருந்தன. வாயைத் திறந்தான். கத்திக் கத்தித் தேய்ந்துபோன தொண்டையிலிருந்து காற்று மட்டும் வந்தது. அவன் யாரையும் பார்க்கவில்லை. தவழ்ந்து சாக்குக்கு வந்தான். சுண்ணாம்பு மனிதனின் உடைந்த தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டான். இருவருக்கும் ஒரே மாதிரி நெற்றி, ஒரே மாதிரிக் காது.

"ஒருத்தர் தாங்கணும்" என்றார் தலைவர். "கூடப் பிறந்தவர் அதைப் பார்த்துக்கிட்டு நிக்கணும். ரெண்டு தூண் இல்லாம சபை கிடையாது. சேர்ந்த அன்னைக்கு நீங்களும் தட்டினீங்களே. வலது தூண்ல. மூணு தடவை."

"நிக்கிறதுன்னா... பக்கத்துல நிக்கிறதுன்னுதானே..." அண்ணன் ஓடினான்.

பிடித்தார்கள். எட்டுப் பேர். அவன் உதைத்தான், கடித்தான், திமிறினான். ஒருவர் கடப்பாரையால் அவன் முழங்காலில் போட்டார். தம்பியின் முழங்கால் உடைந்தது. அண்ணனின் தலை தூணில் மோதியது. தம்பியின் நெற்றி பிளந்தது. முகத்தில் ஒரு குத்து. தம்பியின் மூக்கு. வயிற்றில். தம்பியின் வயிற்றில். இடது தூணுக்குள்ளிருந்து வந்த ஓலம் அண்ணனுக்குக் கேட்டது. திரும்பிப் பார்த்தான். தன் மேல் விழுகிற ஒவ்வோர் அடியும் தம்பியின் முகத்தில் வெடிப்பதைப் பார்த்தான்.

திமிறலை நிறுத்தினான். கைகளைத் தொங்கவிட்டான்.

"அடிக்காதீங்க" என்றான். "நானே போறேன்."

போனான். தானே ஏறி, தானே திரும்பி நின்றான். பலகை மூடியது.

பிறகு பூச்சு. ஒவ்வொரு சகோதரராக வந்து தம்பி கலந்து வைத்திருந்த கலவையில் ஒரு கரண்டி எடுத்து அப்பினார்கள். முழங்கால். தொடை. இடுப்பு. குளிர்ந்தது. இறுகியது. அவன் கலந்த கலவைதான். சலித்த மணல், அளவான தண்ணீர், ஒரு கட்டி இல்லை. முப்பது வருஷத்துக்கு அசையாது. அது அவனுக்குத் தெரியும்.

நெஞ்சு. கழுத்து. வாய்.

கண் உயரத்தில் ஒரு கரண்டி அளவு இடைவெளி மட்டும் மிச்சம் இருந்தது. அதன் வழியாக எதிர்த் தூண் தெரிந்தது. அதில் இரண்டு துளைகள். துளைகளுக்குள் இரண்டு கண்கள். இமைக்கவில்லை.

வெளியே, தெருவில் எங்கோ, ஒரு வண்டி கிறீச்சிட்டது.

தம்பியின் விலா எலும்புகள் ஒன்றன் பின் ஒன்றாக உள்ளே போயின. கத்த வாய் இல்லை. துளைகளுக்குள் அந்தக் கண்கள் விரிந்தன. பழைய உப்புக் கோடுகள் இரண்டும் மெல்ல நனைந்தன. ஈரம் கீழே இறங்கியது. 'நில்' என்ற எழுத்து வரை இறங்கியது.

கடைசி ஆள் கரண்டியோடு வந்தார். நசுங்கிய காரின் கதவிலிருந்து வெளியே வந்த இன்னொருவர், சட்டையில் தூசியைத் தட்டிக்கொண்டு, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டபடி கூடத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தார்.